காற்று மெத்தையும் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பிரயாணமும்

நெசவாளரும் விவசாயியும் மோட்டார் சைக்கிளில் ஏறாத நாள் இன்று அரிதாகிவிட்டது. நூலும் பாவும் வாங்கி வரவும், நெய்து முடித்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைக்கவும், சந்தை நிலவரம் அறிந்து வரவும், உரத்திற்கும் விதைக்கும் பக்கத்து நகரத்திற்குச் சென்று திரும்பவும் அவ்வண்டியே துணை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் எங்களைப் போன்றோருக்கும் அதுவே வாகனம். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் அதன் ஆசனத்தைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. நூறு கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் ஆசனம் தன்னை நினைவூட்டத் தொடங்குகிறது. முதலில் ஓர் உறுத்தல், பிறகு எரிச்சல், அதன்பின் மரத்துப்போதல். இறங்கி நிற்கும்போது இடுப்புக்குக் கீழே கால்கள் நம்முடையவைதாமா என்ற ஐயம் எழுகிறது.

இதனை வெறும் சௌகரியக் குறைவு என்று தள்ளிவிடுதல் சரியன்று. வலி தாளாதவன் ஆசனத்தில் இப்படியும் அப்படியும் நெளிகிறான். நெளியும் ஒவ்வொரு முறையும் அவன் கருத்து சாலையை விட்டு விலகுகிறது. எதிரே வரும் லாரியையும், குறுக்கே ஓடும் ஆட்டுக்குட்டியையும் கவனிக்க வேண்டிய கண்கள் அடுத்த தேநீர்க் கடையைத் தேடுகின்றன. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வேகம் கூட்டத் தோன்றுகிறது. குடும்பத்தின் உழைப்பாளி ஒருவர் பத்திரமாக வீடு திரும்புவது பற்றிய விஷயமாதலால், இதைச் சற்று விரிவாகவே ஆராய்வது நன்று.

இவ்வலிக்கு ஒரு பரிகாரமாகக் கடைகளில் ஏர் குஷன் என்று கேட்டு வாங்கப்படும் காற்று மெத்தை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஆசனத்தின்மேல் வைத்துப் பட்டையால் கட்டிக்கொள்ளும் சிறு மெத்தை அது. வாங்கியோரில் சிலர் அதனைப் புகழ்கின்றனர். சிலர் பணம் வீண் என்கின்றனர். இருவரும் வாங்கியது ஒரே பொருள்தான். வேறுபாடு அதனுள் அடைத்த காற்றின் அளவில் இருக்கிறது. குறைவாகக் காற்றடைத்தால்தான் காற்று மெத்தை வேலை செய்யும் என்பதே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் செய்தி. அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

வலி பிறக்கும் இடம்

நாம் உட்காரும்போது உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் புடைத்துள்ள இரண்டு முனைகளாகும். ஒரு மரப் பலகையில் அமர்ந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பார்த்தால் அவற்றை எவரும் உணரலாம். எலும்பு முனைக்கும் பலகைக்கும் இடையில் அகப்பட்ட சதையும் தோலும் நசுங்குகின்றன. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, அவ்விடத்திற்கு இரத்தம் செல்வது குறைகிறது. உறுத்தலும் எரிச்சலும் அதனை உடல் நமக்கு அறிவிக்கும் முறையேயாகும்.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் வண்டியில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். கால்களும் கைகளும் தாங்குவது போக, ஆசனத்தின்மேல் 50 கிலோ இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் எலும்பு முனைகளைச் சுற்றி 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டும் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 250 கிராம் தாங்க வேண்டும். அதே பாரம் பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம் முழுவதிலும், அதாவது 625 சதுர சென்டிமீட்டரிலும் சமமாகப் பரவினால், ஒவ்வொன்றின் பங்கு 80 கிராம் மட்டுமே. ஆள் அவரே, எடையும் அதுவே. அழுத்தம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே மெத்தை எவ்வளவு மிருதுவானது என்பதைவிட, பாரத்தை எவ்வளவு சமமாகப் பங்கிடுகிறது என்பதே பார்க்கத்தக்கது.

நுரையும் காற்றும்

வண்டியோடு வரும் ஆசனத்தினுள் இருப்பது பெரும்பாலும் நுரை ரப்பர் போன்ற பாலியூரித்தேன் நுரை. அதனைக் கையால் தொட்டால் மிருதுவாகவே இருக்கிறது. ஆனால் நுரையின் இயல்பு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எவ்வளவு ஆழமாக அமுக்குகிறோமோ அவ்வளவு வலுவாக அது திருப்பித் தள்ளும். ஆசனத்தில் மிக ஆழமாக இறங்குபவை எலும்பு முனைகளே; எனவே மிக வலுவான எதிர்ப்பும் அவற்றின் மீதே விழுகிறது. அதிலும், சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் உழைத்த நுரை தளர்ந்துபோய், அடித்தட்டு வரை அமுங்கிவிடும். பிறகு நாம் உட்கார்வது தகட்டின் மேல் உட்கார்வதற்குச் சமம்.

காற்று அப்படிப்பட்டதன்று. அடைபட்ட ஒரு திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்ற விதியைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். அவரது நூல் அவர் மறைந்த பிறகு 1663-ல் வெளியாயிற்று. அடைபட்ட காற்றுக்கும் இவ்விதி பொருந்தும். எலும்பு முனை ஓரிடத்தில் ஆழமாக அமுக்கினால் அங்குள்ள காற்று விலகிப் பக்கத்து அறைகளை நிரப்பி, அங்குள்ள சதையையும் தாங்கிக்கொள்கிறது. ஆழமாக இறங்கிய இடத்திற்குத் தனித் தண்டனை இல்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் எங்கும் ஒன்றே.

இதே காற்றைத்தான் நாம் சக்கரங்களிலும் நம்பியிருக்கிறோம். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்ஸன் 1845-லேயே காப்புரிமை பெற்றார். அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்த பின்னரே சைக்கிளும் மோட்டாரும் ஓடத் தகுந்தவையாயின. அதன்பின் 1890களில் காற்றடைத்த சைக்கிள் ஆசனங்களும் மேல்நாடுகளில் விற்பனைக்கு வந்தன.

மருத்துவத்திலிருந்து சாலைக்கு

இன்று மோட்டார் சைக்கிளோட்டிகள் உபயோகிக்கும் பல அறைகள் கொண்ட மெத்தையின் பிறப்பிடம் சாலையன்று, சக்கர நாற்காலி. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது. நமக்கு நேரும் உறுத்தல் அவருக்குத் தெரியாது; ஆகவே நெளிந்து கொடுக்கவும் மாட்டார். மணிக்கணக்காக இரத்தம் செல்லாத இடத்தில் சதை அழுகிப் புண்ணாகும். அப்படிப்பட்ட அழுத்தப் புண் சீழ் பிடித்து உயிரையே கொண்டுபோவதும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரேப் என்ற மின்பொறியாளர் இதற்கு ஒரு வழி தேடினார். ஒன்றோடொன்று இணைந்த சிறு சிறு காற்றறைகளால் ஆன மெத்தையை 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். ரோஹோ என்ற பெயரில் அது உலகெங்கும் மருத்துவமனைகளில் பரவிற்று. அதே அமைப்பே பிற்காலத்தில் ஏர்ஹாக் என்ற பெயரில் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. இன்று அதனைப் பின்பற்றிய பல தயாரிப்புகள் நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன.

நெடுந்தூர ஓட்டத்தில் இப்பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு மற்றொரு சான்று கூறலாம். அமெரிக்காவில் 24 மணி நேரத்திற்குள் ஆயிரம் மைல், அதாவது சுமார் 1,609 கிலோமீட்டர், ஓட்டி முடிப்போரை அங்கீகரிக்கும் சங்கம் ஒன்று உண்டு. அந்த ஓட்டத்திற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரே "சேடில்சோர்" என்பதாகும். ஆசனம் தந்த புண் என்பது அதன் பொருள்.

பழைய டியூப் போதாதா?

சிக்கனம் அறிந்த அங்கத்தினர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "வீட்டில் கிடக்கும் பழைய டியூபில் காற்றடித்துச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டால் ஆகாதா?" கேள்வி நியாயமானது. விடை, ஆகாது என்பதே.

டியூப் ஒரே அறை. திருப்பத்தில் வண்டி சாயும்போது உடலின் பாரம் ஒருபுறம் செல்கிறது. காற்றும் உடனே மறுபுறம் ஓடிவிடுகிறது. ஓட்டுபவர் படகில் அமர்ந்தவர்போல் ஆடுவார். பல அறை மெத்தையில் அறைகளை இணைக்கும் வழிகள் மிகக் குறுகியவை. காற்று மெல்லவே ஓடும். பள்ளத்தில் விழும் ஒரு கணத்தில் முழுவதும் விலகிவிடாது. அக்குறுகிய வழிகளே மெத்தையின் உயிர்நாடி எனலாம்.

மூல நோயாளிகளுக்கென்று வாங்கும் நடுவில் துளையுள்ள காற்று வளையமும் இதற்கு உதவாது. பாரம் முழுவதும் வளையத்தின் விளிம்பில் இறங்கி, நடுப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அழுத்தப் புண் தடுப்புக்கு அத்தகைய வளையம் வேண்டாமென மருத்துவர்களே இப்போது அறிவுறுத்துகின்றனர்.

காற்று எவ்வளவு?

புதிதாக வாங்கியவர் முதலில் செய்யும் காரியம் மெத்தை விம்மும் அளவுக்குக் காற்றடைப்பது. கொடுத்த காசுக்குக் காற்று நிறைய இருக்கட்டும் என்ற எண்ணம் போலும்! இறுகிய அறைகள் அமுங்க மாட்டா. அமுங்காவிட்டால் பரப்பு கூடாது. பரப்பு கூடாவிட்டால் அழுத்தம் குறையாது. உருண்டைப் பந்தின் மேல் அமர்ந்ததுபோல் வழுக்கலும் துள்ளலுமே மிஞ்சும்.

சரியான முறை இதுதான். மெத்தையை ஆசனத்தின்மேல் வைத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டுக. முக்கால் அளவு காற்றடைத்து, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஓட்டும்போது அமர்வதுபோலவே அமர்க. பிறகு அடைப்பானைச் சிறிது திறந்து காற்றை மெல்ல வெளியே விடுக. உடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எலும்பு முனைக்கு நேர் கீழே மெத்தைக்கும் ஆசனத்திற்கும் இடையில் விரல்களைச் செலுத்திப் பார்த்தால், முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தெரியும். அடித்தட்டிலிருந்து சுமார் அரை அங்குலம் மேலே நிற்கும்போது அடைப்பானை மூடிவிடலாம். அதற்கும் கீழே போனால் முனை தட்டில் இடிக்கும். மெத்தை இருந்தும் இல்லாததுபோல் ஆகும். நன்றாக அமைந்த மெத்தையில் அமர்ந்தால் அமர்ந்தவர் உயரம் மிகச் சிறிதே கூடும். மெத்தையின் மேல் இருக்கிறோம் என்ற நினைவே முதல் அரைமணியில் மறைந்துவிட வேண்டும்.

அதிர்வைப் பற்றியும் ஒரு சொல். நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றும் எஞ்சின் விநாடிக்கு 50 முறை அதிர்கிறது. சிறு அசைவுகளான இவற்றைக் காற்று பெருமளவு உண்டுவிடும். மேடு பள்ளங்களால் வரும் பெரிய குலுக்கல் வேறு. விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான குலுக்கலில் மனித உடல் மிக அதிகமாக அலைக்கழிக்கப்படுகிறது. அதனை ஏற்க வேண்டியவை வண்டியின் வில்களும் டயர்களுமே. விம்ம அடைத்த மெத்தையோ குலுக்கலை மேலும் பெருக்கிவிடும்.

மலைப் பாதையில் எச்சரிக்கை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 325 மீட்டரில் இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டரில். ஐம்பது கிலோமீட்டர் சாலைப் பிரயாணத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெளியழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும் என்பது 1662-ல் பாயில் வெளியிட்ட விதி. ஆகவே அடிவாரத்தில் அளவாக அடைத்த மெத்தை, மேலே போகப் போக இறுகிக்கொண்டே வரும். மலைக் குளிரில் காற்று சிறிது சுருங்குமாயினும் அது இந்த விரிவுக்கு ஈடாகாது.

எனவே காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அம்மலைப் பகுதிக்குச் சென்றுவரும் விவசாயிகள் நடுவழியில் ஒருமுறை நிறுத்தி, மெத்தையைச் சோதித்துச் சிறிது காற்றை விடுவது நல்லது. இறங்கும்போது இதற்கு எதிரானதைச் செய்ய வேண்டும் என்பதை மறக்கலாகாது. மேலே விட்ட காற்றைக் கீழே வந்ததும் திரும்பச் சேர்க்காவிட்டால், எலும்பு முனை தட்டைத் தொட்டுவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்கும் இதே கதை. உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால், பத்தில் ஒரு பங்கு விரியும். வண்டியை நிழலில் நிறுத்துவதும், ஏறும்முன் ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பதும் போதுமான பாதுகாப்பு.

உறையைப் பற்றி நெசவாளர்களுக்கு

காற்று புகாத ரப்பரும் பாலியூரித்தேனும் வியர்வையை உறிஞ்ச மாட்டா. கோடைக்காலத்தில் அவற்றின்மேல் நேராக அமர்ந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து தோல் கன்றிப்போகும். ஆகவே துணி உறை அவசியம். எந்தத் துணி என்பதில்தான் கவனம் வேண்டும்.

உறுதியான பருத்தித் துணி கையில் இருக்கிறதே, அதனை இறுக்கித் தைத்தால் நெடுங்காலம் உழைக்குமே என்று நம்மவர்க்குத் தோன்றுவது இயல்பு. தறியில் நெய்த துணியில் பாவு இழையும் ஊடை இழையும் ஒன்றையொன்று குறுக்கே பிடித்து நிற்கின்றன. அதனால் அத்துணி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் எளிதில் இழுபடாது. சேலைக்கும் ஜமக்காளத்திற்கும் சிறப்பைத் தரும் அக்குணமே இங்கே குறையாகிறது. இறுக்கிப் போர்த்திய நெய்த துணி அறைகளின் மேல் தூளிபோல் விறைத்து நின்று, பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. அடியிலுள்ள அறைகள் தனித்தனியே அமுங்க வழியில்லை. பின்னலாடைத் துணியோ கண்ணிகளால் ஆனது. எப்பக்கமும் இழுபட்டு அறைகளின் போக்கிற்கு இடம் கொடுக்கும். ஆதலால் உறைக்குப் பின்னல் துணியே ஏற்றது. நெய்த துணிதான் கிடைக்குமெனில், தொளதொளவென்று தாராளமாகத் தைத்து, மேலே மடிப்பு விழாமல் போர்த்துவது ஓரளவு சரிவரும். பனியன் தையலிலும் மடிப்பிலும் அமர்ந்து நூறு கிலோமீட்டர் செல்பவர் அதன் பலனை அன்றிரவே அறிவார்.

மெத்தையால் ஆகாதவை

இவ்வளவும் கூறியபின், எல்லையையும் கூறுதல் கடமை. 1930-ல் லாண்டிஸ் என்ற ஆராய்ச்சியாளர் மனிதரின் விரல் நகத்தோரத்து நுண்குழாய்களில் இரத்த அழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்கத்தில் சராசரியாக 32 பாதரச மில்லிமீட்டர் என்று கண்டார். மேலே நாம் போட்ட கணக்கில் சமமாகப் பங்கிட்ட அழுத்தமே, சதுர சென்டிமீட்டருக்கு 80 கிராம், ஏறத்தாழ 59 பாதரச மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது மிகச் சிறந்த மெத்தையில் அமர்ந்தாலும் அடியிலுள்ள இரத்த ஓட்டம் தடையின்றி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மெத்தை வலியைத் தள்ளிப்போடும், குறைக்கும், எழுந்து நிற்பதற்கு ஈடாகாது. மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிடம் நடப்பதே இரத்தத்திற்கு நாம் செய்யும் உபகாரம். அதற்குக் காசு செலவில்லை. வலியில்லை என்பதற்காக மூன்று மணி நேரம் இறங்காமல் ஓட்டுகிறவர், மெத்தையால் நன்மையைவிடத் தீமையையே தேடிக்கொள்கிறார். களைப்பும் உறக்கமும் ஆசனத்தில் தோன்றுவன அல்லவே!

கைப்பிடி எட்டாமல் குனிந்து ஓட்டுவதால் வரும் முதுகு வலிக்கும் மெத்தை மருந்தாகாது. கைப்பிடியைத்தான் சரிசெய்ய வேண்டும். உயரம் குறைந்தவர்கள் மெத்தை வைத்தபின் இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையின் தொங்கும் நுனிகள் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்காமலும், சூடான புகைக் குழாயில் படாமலும் முடிந்துவிட வேண்டும். பின்னால் ஒருபுறமாக அமர்ந்துவரும் பெண்மணிகளுக்கு இம்மெத்தையை வைக்கலாகாது. அவ்வாறு அமர்பவரின் பாரம் ஓர் ஓரத்திலேயே இறங்குவதால் மெத்தை சரிந்து, அவரும் சரிய நேரிடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றியவர்களும், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே நெடுந்தூரம் செல்லத் துணிய வேண்டும். மரத்துப்போதல் இறங்கிய பின்னும் வெகுநேரம் நீடித்தால் எவரும் மருத்துவரை அணுகுதல் முறை.

பராமரிப்பு எளிது. முள்ளும் ஆணியும் டயருக்குப் போலவே இதற்கும் பகை. ஒட்டுத் துண்டும் பசையும் ஆயுதப் பையில் இருக்கட்டும். பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் படாமல் காக்க. வாரம் ஒருமுறை சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்துக. வாங்கும்போது அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா, அடைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அடிப்பாகம் வழுக்காத பொருளால் ஆனதா என்ற மூன்றையும் பார்த்து வாங்குக. மாதம் ஒருமுறை மட்டும் தொலைதூரம் செல்பவருக்குத் தளர்ந்த நுரையை மாற்றி ஆசனத்தைப் புதுப்பித்துக்கொள்வதே போதுமானது. அடிக்கடி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கே இம்மெத்தை செலவுக்கு ஏற்ற பலனைத் தரும்.

வாங்கிய பின் அங்கத்தினர் மறவாமல் கைக்கொள்ள வேண்டியவை மூன்று. காற்றைக் குறைவாக அடைக்க வேண்டும். மலையேறினாலும் இறங்கினாலும் அளவைச் சோதிக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடிப்பவர் மாலையில் வீடு திரும்பும்போது தறியிலோ வயலிலோ மறுநாள் உட்கார்ந்தும் குனிந்தும் வேலை செய்யத் தக்க உடலோடு திரும்புவார்.